ரயில் சீட்டும் ஓட்டுச் சீட்டும்

(தீபாவளி ஒன்றுகூடலில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பண்டிகைக் கூட்டத்தில் அரசியல் எதற்கு என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பலகாரத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைக்கக்கூடும். இரண்டையும் கலந்தவர்கள் நாமல்ல. 2024-ஆம் ஆண்டில் நாட்காட்டியே அவற்றைக் கலந்துவிட்டது. அந்தத் தீபாவளியை மும்பைத் தமிழர்களாகிய நாம் எப்படிப்பட்ட இரண்டுங்கெட்டான் மனத்தோடு கொண்டாடினோம் என்பதைப் பேசத்தான் இன்று நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் 2009-இல் அக்டோபர் 13 அன்று நடந்தது. 2014-இல் அக்டோபர் 15. 2019-இல் அக்டோபர் 21. மூன்று முறையும் தேர்தல் முடிந்து நாலைந்து நாளிலோ ஒரு வாரத்திலோ தீபாவளி வந்தது. ஓட்டைப் போட்டோம், விரல் மையோடு பெட்டியைக் கட்டினோம், தாதரிலோ குர்லாவிலோ வண்டி ஏறினோம். மனத்தில் ஒரு குழப்பமும் இல்லை. 2024-இல் எல்லாம் தலைகீழானது. அக்டோபர் 31 தீபாவளி. நவம்பர் 20 வாக்குப்பதிவு. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 29, மராட்டிய மக்கள் தன்தேரஸ் கொண்டாடும் நாள். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் நவம்பர் 4, பாவுபீஜுக்கு மறுநாள். யார் நிற்பார், யார் விலகுவார் என்ற பேரமெல்லாம் ஊரே விளக்கேற்றிக்கொண்டிருந்த அந்த ஆறு நாட்களில்தான் நடந்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ரயில் சீட்டைப் பாருங்கள். அப்போது 120 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். (2024 நவம்பர் 1 முதல்தான் அதை 60 நாளாகக் குறைத்தார்கள்.) தீபாவளிக்கு ஊர் போகிறவன் ஜூன் கடைசியிலும் ஜூலை முதலிலும் விடியற்காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கியாக வேண்டும். தேர்தல் தேதியோ அக்டோபர் 15 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. போக ஒரு சீட்டு, திரும்ப ஒரு சீட்டு என்று குடும்பத்தோடு எடுத்துவைத்தவன் என்ன செய்வான்? நவம்பர் முதல் வாரத்தில் திரும்புகிறவனுக்குத் தொல்லையில்லை. ஆனால் நம்மில் பலர் வருஷத்திற்கு ஒரு முறைதான் போகிறோம். போனால் ஒரு மாதம். வயதான தாய் தகப்பனைப் பார்க்க வேண்டும், ஓட்டைப் பிரித்து மேய வேண்டும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். தலைதீபாவளி மாப்பிள்ளையை "ஓட்டுப் போட்டுவிட்டு வாருங்கள்" என்று எந்த மாமியார் சொல்வார்?

திரும்பும் சீட்டை மாற்றலாமென்றால் இடமேது! அந்த அக்டோபர் 27 அன்று பாந்திரா டெர்மினஸில் கோரக்பூர் வண்டியில் ஏற முண்டியடித்த நெரிசலில் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் பண்டிகைக்கு ஊர் போகப் புறப்பட்டவர்கள்தாம். தமிழன், பீகாரி, உத்தரப் பிரதேசக்காரன் என்று பெயர்தான் வேறு. முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் எல்லோரும் ஒன்றுதான்.

ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? அதுவுமில்லை. தாராவியில் 2024 மார்ச் 18 அன்று வீடு கணக்கெடுப்பு தொடங்கியிருந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. மாடியில் இருப்பவருக்கும் வெளியேதான், வாடகைத் தவணை முறையில். அப்பன் கட்டிய கீழ் ரூமில் அண்ணன், மேல் மாளிகையில் தம்பி என்று வாழ்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஏணி, ஒரே குழாய், ஒரே சட்டியில் சுட்ட அதிரசம். ஆனால் அடுத்த தீபாவளி ஒன்றாகவா என்று இருவருக்கும் தெரியாது. வாசலில் கோலம் போட்ட பெண்களின் மனத்தில் அந்த வாசல் எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் கூடவே இருந்தது. தோல் பதனிட வந்த திருநெல்வேலிச் சனங்களின் பேரப் பிள்ளைகள், சேற்றை மூடி நிலமாக்கியவர்களின் வாரிசுகள், "நீ இங்கேதான் இருந்தாய் என்பதற்குக் காகிதம் எங்கே?" என்ற கேள்விக்கு டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காகிதங்களில் முக்கியமான ஒன்று பழைய வாக்காளர் பட்டியல். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலர், ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குச் சித்தப்பா நிற்கிறார், மாமா நிற்கிறார் என்று பெயரை அங்கே பதிந்துகொண்டார்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 31-ஆம் பிரிவு. ஆகவே அங்கே இருந்தால் இங்கே இல்லை. சித்தப்பா தலைவராகிவிட்டார், நல்லதுதான். மும்பையில் முப்பது வருஷம் உழைத்தவனுக்கோ காகிதத்தில் ஆளே இல்லை!

வரவும் இருந்தது, மறைக்கவில்லை. அந்த ஜூலையில் தொடங்கிய லாட்கி பஹின் திட்டத்தில் 21 முதல் 65 வயது வரையுள்ள ஏழைப் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். தேர்தல் வருகிறதென்று அக்டோபர், நவம்பர் இரண்டு மாதப் பணமும் முன்கூட்டியே சேர்ந்து வந்தது. பண்டிகைச் செலவுக்கு அது உதவியது. நம் தாய்மார்கள் மகிழ்ந்ததில் தவறென்ன? அரசுப் பணம் மக்கள் பணம். ஆளுங்கூட்டணி அதை 2,100 ஆக்குவோம் என்றது. எதிர்க்கூட்டணி 3,000 என்றது. ஏலம் போடுவது போலிருந்தது என்று ஒரு தாய் சொன்னார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கவனியுங்கள்: அந்தப் பணத்திற்கு இருப்பிடச் சான்றாக ஏற்கப்பட்டவை எவை? பதினைந்து வருஷத்திற்கு முந்தைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை. அங்கேயும் அதே காகிதம்.

இன்னொன்று. 1966-இல் சிவசேனை பிறந்தபோது தென்னாட்டவரை விரட்ட எழுந்த முழக்கங்களை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் நடக்க அஞ்சிய காலமது. இன்று தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் தமிழில் துண்டறிக்கை வேண்டும். சயான் கோலிவாடாவில் தமிழரான தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என்று மூன்று முறை வென்றிருக்கிறார். அவர் கட்சியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலிருக்கலாம். பட்டியலில் பெயர் சேர்ந்ததால் வந்த மரியாதை இது. வாசலில் உட்டணெப் பொட்டலமும் கந்தீலும் கொண்டுவந்து கும்பிட்டவர்களைக் கண்டு நம் முதியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கசப்பும் இருந்தது.

கூலிக்காரர்களுக்கு ஒரு செய்தி. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு அதைத் தினக்கூலிக்கும் தருகிறது. மறுக்கும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 500 ரூபாய். ஓர் ஆளின் ஒரு நாள் கூலியைக்கூட எட்டாத தொகை! தீபாவளிக்கு நாலு நாள் பட்டறை மூடிக் கூலி போன கையோடு, நவம்பர் 20 அன்று இன்னொரு நாள் கூலியையும் இழக்க எத்தனை பேருக்கு முடியும்? மாநிலம் முழுவதும் சுமார் 66 விழுக்காடு பேர் வாக்களித்தார்கள். மும்பையில் அதைவிடக் குறைவு. படித்தவர்கள் இதைச் சோம்பல் என்று எழுதினார்கள். பட்டறைப் பக்கம் வந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், வெளியூரில் இருப்பவர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஓர் இயந்திரத்தை முன்வைத்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். கட்சிகள் சந்தேகம் கிளப்பின, செயல்விளக்கமே நின்றுபோனது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் வீடுவீடாகப் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது, "உன் பெயர் எங்கே?" என்ற கேள்வி ஊர் வீட்டுக் கதவையும் தட்டியது.

ஆகவே தோழர்களே, ஊருக்குப் போகாதீர்கள் என்று இந்தச் சங்கம் ஒருநாளும் சொல்லாது. கிழவி வழிபார்த்துக் காத்திருக்கும்போது போகாமலிருப்பதும் ஒரு வாழ்க்கையா? நாம் கேட்பது ஒன்றே: சீட்டு எடுக்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நம் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, இடம் மாற்றப் படிவம் 8. நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறைக்கு வாருங்கள். ரேஷன் கார்டையும் மின்சார ரசீதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பெண்கள் தனியாகவே வரலாம், வீட்டுக்காரர் வரவேண்டுமென்பதில்லை. பதினெட்டு வயதான பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.