காவல் நின்ற கப்பல்கள்



ஏற்காட்டுக்கு அப்பால் கரடியூரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. ஆனால் கடலில் பிறந்த ஒரு சொல் இந்த மலைக்கும் ஏறி வந்திருக்கிறது. காப்பித் தோட்டத்தில் கண்டிப்பான மேஸ்திரி ஒருவர் இருந்தால், "அவர் சரியான எம்டன்!" என்போம்.

எம்டன், முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பட்டணத்தை விட்டு வெளியேறினார்கள். வங்கக் கடலில் துணையின்றி வந்த சரக்குக் கப்பல்களை மடக்கி, ஆட்களை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக மூழ்கடித்தது. எம்டனின் பலமே எதிரே வந்த கப்பல்கள் தனியாக வந்ததுதான்.

தனியாகப் போகாதே என்பது நம் முன்னோருக்குத் தெரிந்த பாடம். சங்க காலத்து வணிகர்கள் வழிப்பறி செய்யும் ஆறலை கள்வருக்கு அஞ்சிக் கூட்டமாக, வில்லேந்திய காவலரோடு போனார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கடலில் போகும் சாத்துதான் கான்வாய். கூட்டத்திலேயே மெதுவான கப்பலின் வேகத்துக்கு எல்லாக் கப்பல்களும் அடங்கிப் போகவேண்டும். ராத்திரியில் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். சுற்றிலும் போர்க்கப்பல்கள் காவல் வரும்.

1914 நவம்பர் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு 38 கப்பல்கள் அப்படித்தான் மேற்கே கிளம்பின. 9-ஆம் தேதி காலை, கோக்கோஸ் தீவிலிருந்த தந்தி நிலையம் அபயக் குரல் கொடுத்தது. துறைமுகத்துக்குள் அந்நியக் கப்பல் ஒன்று நுழைகிறது என்று செய்தி. அது எம்டன்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். காவலுக்குத் தலைமை தாங்கிய மெல்போர்ன் கப்பலின் தலைவர் சில்வர், தாமே எம்டனைப் பிடிக்கத் திரும்பினார். திரும்பியவருக்குத் தம் பொறுப்பு நினைவு வந்தது. தம்மை நம்பி 38 கப்பல்கள் வருகின்றன. தாம் இருந்துகொண்டு சிட்னி என்ற கப்பலை அனுப்பினார். கூட வந்த ஜப்பானியக் கப்பல் இபுக்கி போருக்குப் போக அனுமதி கேட்டது. அதற்கும் கிடைக்கவில்லை. சில மணி நேரத்தில் எம்டன் தீயில் சிதைந்து தரைதட்டியது. புகழ் சிட்னிக்குப் போயிற்று. விலகாமல் நின்ற இரண்டு கப்பல்களை யார் நினைக்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போரில் மலைக்காரர்களுக்கும் கடலின் அருமை தெரிந்தது. ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப்போனது. கப்பலில் சரக்கேற்ற இடம் கிடைக்காமல் தென்னாட்டுக் காப்பி தேங்கியது. அதை உள்நாட்டிலேயே விற்க வழிதேடித்தான் 1942-இல் காப்பிச் சட்டம் வந்தது.

அதே ஆண்டு நவம்பர் 11. இந்தியக் கடற்படையின் பெங்கால் என்ற 650 டன் சின்னக் கப்பல், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். எதிரே இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். முன்பு காவலுக்குத் துணை வந்த ஜப்பான் இப்போது எதிரி. பெங்காலின் தலைவர் வில்சன், ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, எதிரியை நோக்கித் தம் கப்பலைத் திருப்பினார். ஒண்டினா போகவில்லை, கூட நின்று சுட்டது. ஹொக்கொக்கு மாரு என்ற எதிரிக் கப்பல் குண்டு பட்டு, வெடித்து மூழ்கியது. ஒண்டினாவின் தலைவர் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். ஆனாலும் பெங்காலும் ஒண்டினாவும் கரை சேர்ந்தன.

தாக்க வந்த எம்டன் நம் பேச்சில் நூறாண்டு தாண்டியும் வாழ்கிறது. காவல் நின்ற பெங்காலை நம்மில் பலருக்குத் தெரியாது. இது சரியில்லை என்பது என் எண்ணம்.

நேயர்களே, உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ அந்த நாளில் கடற்படையிலோ சரக்குக் கப்பலிலோ வேலை பார்த்திருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் கடிதமோ புகைப்படமோ கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். கப்பலின் பெயர் இருந்தால் குறித்துவைத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.