தொலைதூரப் பெட்டகமும் நம் கோப்புகளும்



மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ உள்ள நம்மவர் சங்கமொன்று, தன் பழைய ஆண்டு மலர்களைக் கணிப்பொறியில் ஏற்றி, ஊர்மாறிச் சென்றவரும் படிக்குமாறு தொலைவிலுள்ள சர்வரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். மலிவு வாடகைக்கு இடந்தருவோர் சிலர் திறந்துவிடும் வாயில் எஃப்.டி.பி. ஒன்றே. 'கோப்பு மாற்று நெறிமுறை' என எம்போன்ற மொழிபெயர்ப்பாளர் எழுதுவர். வேலை செய்வோர் எஃப்.டி.பி. என்றே சொல்வர். நியாயம் அவர் பக்கமே.

இந்நெறியை 1971 ஏப்ரலில் முதன்முதல் வகுத்தெழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பட்டம் பெற்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண். அனுப்புதல், கொணர்தல், பட்டியலிடுதல், பெயர் மாற்றுதல், அழித்தல்: ஏறக்குறைய இவையே அது அறிந்த தொழில்கள். இருபுறக் கோப்புகளும் ஒன்றா என ஒப்பிட அதற்குத் தெரியாது. 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வல்லது; ஆயின் மறுமுனையிலும் அக்கருவி இயங்கவேண்டும்.

ஆகவே ஒப்பிடும் பொறுப்பு நம்முடையதாகிறது. எல்எஃப்டிபி என்னும் இலவசக் கருவியின் 'மிரர்' கட்டளை, அளவையும் நேரத்தையும் பார்த்து மாறியவற்றை ஏற்றும். இடரும் இங்கேதான் உள்ளது. ஏற்றிய வேளையையே கோப்பின் நேரமாகச் சர்வர் பொறிப்பதுண்டு. அது சிங்கப்பூர்க் கடிகாரப்படி நடப்பதானால், நம்மினும் இரண்டரை மணி முந்தியது. காலை பத்துக்கு ஏற்றிய மலர் அங்கே பன்னிரண்டரை என்று நிற்கும். பதினொன்றுக்கு நாம் 'ர'வை 'ற'வாகத் திருத்தினால், நம் படி பழையதாகவே தோன்றும். அளவும் காட்டிக்கொடாது; யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் அவ்விரண்டு எழுத்தும் மும்மூன்று பைட்டே. பிழை உலகுக்கும் திருத்தம் நமக்குமாக நின்றுவிடும்.

கடிகாரத்தை நம்பாதிருப்பதே வழி. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணைப் பட்டியலாக நம்மிடமே வைத்து, சென்றமுறை அனுப்பியபோதிருந்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் அனுப்பலாம். வேறெவரும் சர்வரில் கைவைக்காதவரை இது பிழைபடாது. பைனரி முறையிலேயே அனுப்புக; எழுத்து முறையில் படங்கள் சிதையும். தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் சேர்ந்தபின் உரிய பெயரிட்டால், இணைப்பு நடுவில் அறுந்தாலும் அரைகுறைக் கோப்பு வாசகர் கண்ணிற் படாது. வெறும் எஃப்.டி.பி. கடவுச்சொல்லை மறைப்பின்றி அனுப்புவதால், எஃப்.டி.பி.எஸ். கிடைக்குமா எனக் கேட்டறிதல் நன்று.

அழித்தலில் மட்டும் அவசரம் ஆகாது. இங்கு இல்லாததை அங்கும் நீக்குக என ஆணையிட்டபின், நம் கோப்புறை எக்காரணத்தாலோ வெறுமையாயிருந்தால், மலர்கள் அனைத்தும் அங்கும் மறையும். முதலில் ஒத்திகைக் கட்டளை இட்டு, எவை நீங்கும் என்னும் பட்டியலைப் படித்துப் பார்த்தே மெய்க்கட்டளை இடுக.