அனுதாபம் மட்டும் போதாது!

கடல் கடந்த நாட்டில் ஓர் அரசு மக்களை ஒடுக்கும்போது, எளியவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்போர் உளர். அவர்களுக்கு அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கடைச் சிப்பந்திகள் விடை கூறியுள்ளனர்.

1960 மார்ச் 21இல் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில் என்னுமிடத்தில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கறுப்பின மக்கள்மீது பொலிசார் சுட்டனர். குறைந்தது 69 பேர் மாண்டனர். உலகம் கண்டித்தது, ஆயினும் அந்நாட்டுப் பழங்களை வாங்குவதை நிறுத்தவில்லை. அவற்றைப் பறித்த கறுப்பினத் தொழிலாளிக்கோ வாக்குரிமை இல்லை!

1984 யூலையில் மேரி மானிங் என்ற 21 வயது நங்கை, தம் தொழிற்சங்கத்தின் முடிவுக்கிணங்கித் தென்னாபிரிக்கப் பழங்கள் இரண்டை விற்க மறுத்தார். வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். சக ஊழியர் சிலரும் அவருடன் வெளியேறினர். சொற்ப உதவிப் பணத்துடன் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தெருவில் மறியல் செய்தனர். 1985இல் நிலைமையை நேரிற் காணச் சென்றவர்களைத் தென்னாபிரிக்க அரசு விமான நிலையத்திலேயே தடுத்துத் திருப்பியனுப்பியது. அவர்கள் தளரவில்லை. 1987இல் அயர்லாந்து அரசு தென்னாபிரிக்கப் பழங்களினதும் காய்கறிகளினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. 1990இல் சிறை மீண்ட நெல்சன் மண்டேலா டப்ளினுக்கு வந்தபோது அவர்களைப் போற்றினார்.

நிறவெறி ஆட்சியை வீழ்த்தியது தென்னாபிரிக்க மக்களின் தியாகமே. ஆனால், அநீதிக்குத் தம் கைகளால் துணைபோக மறுத்த அச்சிலரும் அத்தியாகத்திற்குத் தோள் கொடுத்தனர். இரங்குவது எளிது, பிறர் உரிமைக்காகத் தம் கூலியை இழக்கத் துணிவதே தோழமை. அத்துணிவு நமக்கும் வேண்டும்.