சூரியனின் உள்ளிருந்து வரும் சாட்சி



சூரிய நியூட்ரினோக்கள் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. தலைமையுரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது வழக்கம். நான் ஒன்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். இந்தத் துறையை வளர்த்தது, வேண்டாத எண்ணிக்கையை, நாம் 'பின்னணி' என்கிறோமே அதை, அளந்து ஒதுக்கும் உழைப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

நம்மேல் படும் வெயில் சூரியனின் மேற்பரப்பிலிருந்து கிளம்புவது. நடுவில் பிறந்த ஆற்றல் அந்த மேற்பரப்பை எட்டுவதற்குள் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துவிடும். வழியெல்லாம் சிதறிச் சிதறி, பிறந்த இடத்தின் சுவடே இல்லாமல் போய்விடும். நியூட்ரினோ அப்படியல்ல. நான்கு புரோட்டான்கள் இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கரு உருவாகும்போது இரண்டு நியூட்ரினோக்கள் வெளிப்படுகின்றன. இரண்டு விநாடி அளவில் சூரியனைக் கடந்து, எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடுகின்றன. இங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விநாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் பாய்கின்றன. ஹான்ஸ் பெத்தே 1939-இல் எழுதிக் காட்டிய அணுக்கரு இணைவு சூரியனுக்குள் மெய்யாகவே நடக்கிறது என்பதற்கு நேர்ச்சாட்சி இவைதாம். எதனோடும் பெரும்பாலும் மோதாமல் போய்விடுவதால் இந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுதான் பெரும்பாடு.

வேதியியலாளர் ரேமண்ட் டேவிஸ் 1960-களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், ஒரு தொட்டி அமைத்தார். துணிகளை டிரை கிளீனிங் செய்யப் பயன்படும் குளோரின் சேர்ந்த திரவம் அதில் 615 டன் இருந்தது. நியூட்ரினோ பட்டால் குளோரின்-37 அணு ஆர்கான்-37 ஆகும். வாரக்கணக்கில் காத்திருப்பார். பிறகு திரவத்தினூடே ஹீலியம் வாயுவைக் குமிழியாகச் செலுத்துவார். அது வாரிக்கொண்டு வரும் ஆர்கானைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்த கரியில் பிடித்து, மிகச் சிறிய எண்ணியில் இட்டு எண்ணுவார். கிடைத்தது சராசரியாக இரண்டு நாளைக்கு ஓர் அணு. கோட்பாட்டு இயற்பியலாளர் ஜான் பகால் கணக்கிட்டிருந்ததில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

மீதி அணுக்கள் தொட்டியிலேயே தங்கிவிட்டிருக்கலாம் என்று பலர் ஐயுற்றனர். நியாயமான ஐயம்தான். டேவிஸ் அதற்கு அளவீட்டிலேயே விடை வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் கதிரியக்கமற்ற ஆர்கானை அளந்து தொட்டியில் கலந்துவிடுவார். முடிவில் அதில் எவ்வளவு திரும்பியது என்று பார்ப்பார். ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்பி வந்தது. இளைய ஆய்வாளர்கள் அவருடைய 2002 நோபல் பரிசை நினைவில் வைப்பதைவிட இந்தச் சோதனையை நினைவில் வைத்தால் நான் மகிழ்வேன்.

ஜப்பானின் காமியோகாண்டே சோதனையும், ரஷ்யாவிலும் இத்தாலியிலும் நடந்த காலியம் சோதனைகளும் பற்றாக்குறையை உறுதிப்படுத்தின. நியூட்ரினோக்களில் மூன்று வகை உண்டு; ஒரு நியூட்ரினோ வழியில் வகை மாறக்கூடும் என்று இயற்பியலாளர் புரூனோ பொன்டெகோர்வோ முன்னரே சொல்லியிருந்தார். அதைத் தீர்த்துவைத்தது கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 1,000 டன் கனநீரைக் கொண்டு நடந்த சோதனை. கனநீரில் ஒரு வினை எலக்ட்ரான் நியூட்ரினோவை மட்டும் காட்டும். இன்னொன்று மூன்று வகைகளையும் சேர்த்துக் காட்டும். 2002-இல் வெளியான முடிவில் மொத்த எண்ணிக்கை கோட்பாட்டோடு ஒத்துப்போனது. அதில் எலக்ட்ரான் வகை மூன்றில் ஒரு பங்கு; மீதி வழியில் வகை மாறியவை. ஆக, பகாலின் கணக்கும் சரி, டேவிஸின் எண்ணிக்கையும் சரி. சுரங்கத் தூசியில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும் என்பதால், அந்த ஆய்வகத்துக்குள் நுழையும் எவரும் குளித்து உடை மாற்றிய பிறகே உள்ளே போனார்கள்.

தூய்மையின் உச்சத்தை நான் காண்பது இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இருந்த போரெக்சினோ என்னும் கருவியில். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஈடுபடும் இணைவுச் சுழற்சியில் பிறக்கிறது. அதன் நியூட்ரினோக்கள் 100 டன் ஒளிர்திரவத்தில் நாளொன்றுக்கு ஏழு போலத்தான் மோதும். திரவத்தில் மிச்சமிருந்த பிஸ்மத்-210 சிதைவதும் ஏறக்குறைய அதே உருவில் பதிவாகும். அதன் வழித்தோன்றலான பொலோனியத்தை எண்ணிப் பிஸ்மத்தைக் கணக்கிடலாம் என்றால், திரவத்தைத் தாங்கிய நைலான் பையிலிருந்து வரும் பொலோனியம் கணக்கைக் கெடுத்தது. கூடத்தின் வெப்பநிலை சற்று மாறினாலும் திரவம் சுழன்று அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. குழுவினர் தொட்டி முழுவதையும் கனிமக் கம்பளியால் போர்த்தினார்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தினார்கள், திரவம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்கள். 2020-இல் அந்தச் சுழற்சியின் நியூட்ரினோக்களைக் கண்ட முடிவு வந்தது.

கோலார் தங்கவயலையும் இந்த அவை மறக்கக் கூடாது. 1965-இல் அங்கே பதிவானவை காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள், சூரியனுடையவை அல்ல. ஆயினும் காஸ்மிக் கதிர்களின் பின்னணியைத் தவிர்க்கப் பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே நுண்கருவிகளை வைத்து வேலை செய்ய முடியும் என்று நம் நாட்டவர் அன்றே காட்டினர். 

இனி என்ன மிச்சம்? சூரியனில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எவ்வளவு என்பதில் மேற்பரப்பின் நிறமாலை ஒன்று சொல்கிறது, சூரிய அதிர்வுகள் வேறொன்று சொல்கின்றன. கார்பன் சுழற்சியின் நியூட்ரினோக்கள் நடுவிலுள்ள கார்பன், நைட்ரஜன் அளவைப் பொறுத்தவை. ஆகவே அவற்றால் இந்த வழக்கை முடித்துவைக்க முடியும். போரெக்சினோவின் அளவீடு கனத்தனிமம் மிகுந்த பக்கம் சாய்கிறது. தீர்ப்புச் சொல்ல அந்தத் துல்லியம் போதாது. 2021-இல் போரெக்சினோ தன் பணியை நிறுத்திவிட்டது.

ஆகவே அமர்வுத் தலைவர்களிடமும் கட்டுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவைச் சொல்வதற்கு முன் உங்கள் பின்னணி எண்ணிக்கை எவ்வளவு, அதை எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள். நேரம் குறைந்தால் முன்னுரையைச் சுருக்குங்கள். அந்தப் பகுதியைச் சுருக்காதீர்கள். மாணவர்கள் அதைப் பற்றியே முதல் கேள்வியைக் கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.