குடிநுழைவு வரிசையில் நம் கோபம்

1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் நமக்கோ சில நாள் அது காத தூரம். குடிநுழைவு வரிசையில் ஒருவர் இடையில் நுழைந்துவிட்டால் சுருக்கென்று கோபம் வருகிறது. பல்லைக் கடித்து அடக்குகிறோம். அடக்கியது மாலையில், ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள்மேல் வெடிக்கிறது. இதைப் புலனடக்கம் என்று எப்படிச் சொல்வது?

1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலறிஞர் வால்டர் மிஷல் சிறுவர்கள்முன் தின்பண்டம் வைத்து, காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்றார். அதையே பார்த்திருந்தவர்கள் விரைவில் தோற்றார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டும் பாடிக்கொண்டும் சிலர் காத்திருந்தார்கள். ஆசையோடு மல்லுக்கு நிற்காமல் மனத்தைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

நாமும் நுழைந்தவரின் முதுகை முறைப்பதை விட்டுச் சற்றே அவர் முகத்தைப் பார்ப்போமே. அவருக்கும் வேலைக்கு நேரமாகிறது.