பாட்டி பேச்சும் பெங்களூர்ப் பேச்சும்

  நேரே பொருளுக்கு வருகிறேன்.

பொருள் அருப்புக்கோட்டைத் தறிவீடுகளின் கன்னடம்; முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். கருத்தரங்குதோறும் இதைப் போட்டுத்தான் மல்லுக்கட்டுகிறோம். 2011 கணக்கெடுப்பின்படி கன்னடம் தாய்மொழியானவர்கள் 4.37 கோடி. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம், தனி மாநிலம், 2008இல் செம்மொழித் தகுதி எல்லாம் உண்டு. இதற்கு அருப்புக்கோட்டைத் தறிக்காரத் தெருவில் என்ன ஆபத்து, இரண்டரை லட்சம் பேர் பேசும் சௌராஷ்டிரத்துக்குக் கவலைப்படுங்கள் என்கிறார்கள். கோடிப் பேர் பேசும் மொழியும் ஒரு வீட்டுக்குள் செத்துப்போகும் என்பது என் கட்சி.

கன்னடம் பேசும் நெசவாளர்களான தேவாங்கர் வீடு ஒன்று. பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு அது சொந்த வீடாகவே தோன்றும். பாட்டி திண்ணையில் இராட்டையில் தார் சுற்றுவார். தாத்தா குழித்தறியில் இருப்பார். விடியுமுன் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது வீடு மொத்தமும் அங்கே நிற்கும். இழை அறுந்தால் யாரை அழைப்பது, கஞ்சி காய்ந்ததா, கூலி வந்ததா, எவன் திருட்டுத்தனமாக சினிமாவுக்குப் போனான் என்பது வரை எல்லாம் கன்னடத்தில். பிள்ளைக்கு யாரும் மொழி கற்றுக்கொடுக்கவில்லை. வேலை ஏவினார்கள், அதோடு மொழியும் வந்தது. பிறகு விசைத்தறி வந்தது. வேலை வீட்டைவிட்டுப் பட்டறைக்குப் போனது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனோடு எந்த மொழியிலும் பேச முடியாது. மகன் கன்னடம் கேட்டான், தமிழில் பதில் சொன்னான். பேத்திக்குக் கேட்கவும் வாய்க்கவில்லை. பழியைப் பள்ளிக்கூடத்தின் மேல் போடும் கட்டுரைகள் மலிந்திருக்கின்றன; தறி இடம் மாறியதை அவை கண்டுகொள்வதே இல்லை.

அந்தப் பேத்தி வேலைக்குப் பெங்களூர் போனாள். அலுவலகத்திலும் காய்கறிக் கடையிலும் கன்னடம் பழகினாள், எழுதப் படிக்கவும் தேறினாள். பொங்கலுக்கு வந்து பாட்டியிடம் பேசினாள். பாட்டி பூரித்துப்போய், 'டிவியில வர்ற பொம்பள மாதிரியே பேசுறாளே' என்றார், தமிழில்! நண்பர்கள் இதை மீட்பு என்பார்கள். எனக்கு அது பக்கத்து மாநிலத்து மொழியொன்றைத் திறமையாகக் கற்ற கதை. கற்றது நல்லதுதான். ஆனால் நூற்றாண்டுகளாகத் தமிழோடு புழங்கி வந்த அந்த வீட்டுப் பேச்சு, பாட்டியோடு திண்ணையிலேயே நின்றுவிட்டது.

கனடாவின் க்ரீ மக்களிடமும் இதே சிக்கல். விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழி பேசினால் தண்டித்தன. இன்று பேரப்பிள்ளைகள் வகுப்பில் சேர்ந்து மீட்கிறார்கள். ஆனால் க்ரீ ஒன்றல்ல. சமவெளியில் 'ய' ஒலிக்கும் இடத்தில் சதுப்புநிலத்தார் 'ந' என்பார்கள். வகுப்பில் கிடைப்பது பெரும்பாலும் சமவெளிப் பேச்சு. சதுப்புநிலப் பாட்டிக்கு அது பக்கத்து ஊர்க் குரல். 1840 முதல் அவர்களுக்குத் தனி எழுத்தும் உண்டு. எழுத்து வந்தால் மொழி பிழைக்கும் என்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

நம் பக்கம் திரும்பினால், திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களின் தெலுங்கு தனியாகவே பேசவேண்டியது. வீட்டில் தெலுங்கு பேசிய எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தமிழில் எழுதி 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார் என்பதோடு நம் ஆய்வு நின்றுவிடுகிறது. தறியைப் போல உழவு வீட்டைவிட்டுப் போகவில்லை, அதனால் அங்கே மொழி கூடுதல் காலம் தாங்கியதா? யாராவது பார்க்கலாம்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. தேவாங்கர் வழிபடும் சௌடேசுவரி அம்மனின் விழாப் பேச்சு, ஒப்பாரி, தறிச் சொற்கள், வசவுகள், பரமக்குடிச் சௌராஷ்டிரத் தறிவீடுகளோடு ஒப்பீடு என ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குத் தேறும். மாணவர்களே, கருவி எதுவும் வேண்டாம், கைபேசி போதும். எண்பது தாண்டியவர்களிடம் முதலில் போங்கள்; அறுபது வயதுக்காரர்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.