பாடசாலையில் அமர்தலும் அசைதலும்

(பொதட்டூர்பேட்டையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குலத்துச் சிறாரின் கல்வி அபிவிருத்தியைக் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். கல்வியென்றவுடன் நாம் கட்டிடத்தைப் பேசுவோம், சம்பளத்தைப் பேசுவோம், பரீக்ஷையைப் பேசுவோம். குழந்தை வகுப்பில் எவ்விடத்தில் அமர்கிறது, எத்தனை நாழிகை அசையாது அமர்கிறது என்பதை நம்மில் ஒருவரும் வினவுவதில்லை. இன்று அதனையே பேசத் துணிந்தோம்.

இவ்வூர் தறியோசையில் விழித்துத் தறியோசையில் உறங்கும் ஊர். நெசவைக் கைகட்டி உட்கார்ந்து கற்றார் எவரேனும் உண்டோ? காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, வீதியில் நீட்டிய பாவின் ஓரமாய் நடந்து நடந்து அறுந்த இழையைப் பிணைத்தன்றோ நம் முன்னோர் கற்றனர்! அங்ஙனம் கற்ற நாமே, "எம் பிள்ளை வகுப்பில் சிலைபோல் இருப்பான்" என்று பெருமை பேசுகிறோம். இது விந்தையல்லவா?

குழந்தையின் அசைவு குற்றமன்று, அதுவே கற்கும் வழி என்று உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் தலைசிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை ஓரிடத்திலேயே பிணிக்கும் பெஞ்சுகளை அவர் கண்டித்தார். சிறுவர் தாமே தூக்கி நகர்த்தத்தக்க இலேசான நாற்காலிகளையும் பாய்களையும் வைத்தார். அவ்வம்மையார் 1939-ல் நமது சென்னை அடையாற்றிற்கு வந்து, உபாத்தியாயர் பலருக்குப் பயிற்சியளித்தார் என்பது நமக்குப் பெருமை தருவது.

எனினும் அம்முறை நெடுங்காலம் பெரும்பாலும் வசதியுள்ளார் பிள்ளைகளுக்கே கிட்டிற்று. ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக்கும் அத்தகைய வழியொன்று வந்த வரலாறு நமக்கு அண்மையது. 1960-ல் நமது பகுதி தமிழகத்துடன் இணையுமுன் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்ததைப் பெரியோர் அறிவர். அச்சித்தூர் ஜில்லாவில் அந்நாளில் அடங்கியிருந்த மதனப்பள்ளிக்கருகே ரிஷிவேலியில், கிராமப் பிள்ளைகளுக்கென அட்டைகளைக்கொண்டு பயிலும் முறை வகுக்கப்பட்டது. அதனைக் கண்டு, சென்னை மாநகராட்சி 2003-ஆம் ஆண்டில், ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால், 13 பாடசாலைகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிற்று. 2007-ஆம் ஆண்டையொட்டி அது தமிழகமெங்கும் அரசு ஆரம்பப் பாடசாலைகளுக்குப் பரவிற்று.

அவ்வகுப்பில் பிள்ளைகள் பாய்களில் வட்டமாய் அமர்ந்தனர். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இருந்தது. பிள்ளை தானே எழுந்து சென்று தனக்குரிய அட்டையை எடுக்கும். அது முடிந்தபின் அடுத்த படிக்குச் செல்லும். உபாத்தியாயரும் தரையிலமர்ந்து, குழுவுக்குக் குழு சென்று உதவினார். விசைத்தறிக் கூடத்தில் பல தறிகளைக் காக்கும் ஒருவர், இழை அறுந்த தறியை நோக்கி விரைகிறாரன்றோ? அவ்வாறே உபாத்தியாயரும் தடுமாறும் பிள்ளையை நாடிச் செல்ல இயன்றது. பின்னாளில் அம்முறை மாறிற்று. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பெயர் மாறினும், ஆடியும் பாடியும் செய்தும் கற்றலே இதற்கும் அடிப்படை.

2025-ஆம் ஆண்டில் கடைசி பெஞ்ச் என்பதே இல்லாதிருக்க வகுப்புகளில் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்கக் கல்வித்துறை முனைந்ததையும் அறிவீர்கள். பக்கவாட்டில் அமரும் பிள்ளைக்குக் கழுத்து நோகும், பலகை தெரியாது என்ற ஆட்சேபணைகள் எழுந்தன. அவை தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் அதனின்று நாம் கற்பது யாதெனில், ஒரு வடிவத்தை விட்டு மற்றொரு வடிவத்தில் பிள்ளையை ஆணியடித்தல் பயன்தராது என்பதே. கதை கேட்க வட்டம், கணக்கிற்குச் சிறு குழு, எழுதுவதற்கு வரிசை என வேலைக்கேற்ப இடம் மாறுதலே வேண்டுவது.

இனி, நம் உள்ளத்திலுள்ள ஒரு தடையையும் மறையாது கூறுவோம். தரையில் அமர்தல் இழிவு, பெஞ்சே கௌரவம் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். இந்த எண்ணம் வெறுமனே தோன்றியதன்று. யார் திண்ணையிலமர்வது, யார் வெளியே நிற்பது என்று பிறப்பைக்கொண்டு வகுத்த காலம் இந்நாட்டில் இருந்தது; பாடசாலையிலும் சில குழந்தைகளை விலக்கி வைத்தனர். ஆதலின், குலத்தின் பெயரால் கூடியுள்ள நாமே இதனைச் சொல்லக் கடமைப்பட்டோம்: நம் பிள்ளைக்கு முன்வரிசை கேட்பது நம் வேலையன்று. உபாத்தியாயரும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்தால் அங்கு இழிவு யாருக்கு? இடம் மாறி மாறி அமரும் வகுப்பில் எக்குலத்துப் பிள்ளையும் எக்குலத்துப் பிள்ளையின் தோழனாவான். கடைசி வரிசை எவருக்கும் நிரந்தரமாகாது.

ஆகவே சங்க அங்கத்தினர்களை இரண்டு வேண்டிக்கொள்கிறோம். ஒன்று, பாடசாலைக்குக் கொடை வழங்குவோர், பெயர் பொறித்த கனத்த பெஞ்சுகளுக்கு மாறாகப் பாய்களும், தாழ்ந்த கரும்பலகைகளும், பிள்ளைகளே நகர்த்தத்தக்க சிறு மேசைகளும் வழங்குக. மற்றொன்று, வகுப்பில் சலசலப்புக் கேட்டவுடன் உபாத்தியாயர் மீது குறைகூறாதிருப்பீர்களாக. ஓசையடங்கிய தறியில் துணி வளர்வதில்லை என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்?